"ப்ரேகோ" என்றால் என்னதான் அர்த்தம்? இத்தாலிக்கு வந்ததும் எல்லாரும் கேட்கும் கேள்விகள்

இத்தாலிக்குப் படிக்க வருகிற பிள்ளைகள், வேலைக்கு வருகிறவர்கள், மகளையோ மகனையோ பார்க்க வந்து சில வாரம் தங்கிவிட்டுப் போகிற அப்பா அம்மாக்கள் என்று யாராக இருந்தாலும், வந்த முதல் வாரத்தில் கேட்பது இந்தச் சொல்லைப் பற்றித்தான். கடையில் ப்ரேகோ, ரயிலில் ப்ரேகோ, கதவைத் திறந்துவிட்டு ப்ரேகோ, நன்றி சொன்னால் அதற்கும் ப்ரேகோ. ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருவதால், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதில்களைக் கீழே கொடுத்திருக்கிறேன். முதலில் சுலபமானவை, போகப் போகக் கொஞ்சம் சிக்கலானவை.

ப்ரேகோன்னா நன்றிக்குப் பதில் சொல்றதுதானே? அப்புறம் ஏன் நான் வாயே திறக்காதப்பவும் சொல்றாங்க?

பாடப்புத்தகத்தில் முதல் பக்கத்தில் "க்ராட்ஸியே" என்றால் நன்றி, "ப்ரேகோ" என்றால் அதற்குப் பதில் என்று போட்டிருப்பார்கள். அது சரிதான், ஆனால் பாதிதான். உள்ளே வாங்க, உட்காருங்க, சொல்லுங்க என்ன வேணும், நீங்க முதல்ல போங்க, எடுத்துக்கோங்க, அடுத்தது நீங்க, இருக்கட்டும் பரவாயில்லை, இத்தனைக்கும் இத்தாலியர்கள் இந்த ஒரு சொல்லை வைத்தே வேலையை முடித்துக்கொள்கிறார்கள்.

இதை ஒரு பட்டியலாக மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: ப்ரேகோ என்பது கொடுக்கிறவர் சொல்லும் சொல். வழி கொடுக்கிறவர், இடம் கொடுக்கிறவர், முறை கொடுக்கிறவர், பொருள் கொடுக்கிறவர், அனுமதி கொடுக்கிறவர். வாங்கிக்கொள்கிறவர் சொல்வது க்ராட்ஸியே. யார் கொடுக்கிறார், யார் வாங்குகிறார் என்று பார்த்தாலே முக்கால்வாசி இடங்களில் குழப்பம் வராது. மீதி கால்வாசிக்குத்தான் கீழே இவ்வளவு எழுத வேண்டியிருக்கிறது.

எப்படி உச்சரிக்கணும்? ப்ரீகோவா, ப்ரெக்கோவா?

இரண்டும் இல்லை. "ப்ரே" கொஞ்சம் நீண்டு, வாயை நன்றாகத் திறந்து வரும். அழுத்தம் முழுக்க அங்கேதான். ர ஒலி நம் ர மாதிரியே நாக்கு தட்டி வரட்டும், தமிழ்க்காரர்களுக்கு அது சிரமமே இல்லை. "கோ" என்பதைக் கோபுரத்தில் வருகிற கோ மாதிரி மென்மையாகச் சொல்ல வேண்டும். "க்கோ" என்று அழுத்திவிட்டால் அங்கே இல்லாத இரட்டை மெய் வந்துவிடும், இத்தாலிய மொழியில் ஒற்றை மெய்யும் இரட்டை மெய்யும் வேறு வேறு சொற்களையே உண்டாக்கும். அழுத்தத்தையும் கடைசிக்குத் தள்ளக் கூடாது, "ப்ரெகோ" என்று கடைசியில் அழுத்தினால் அது "அவர் வேண்டினார்" என்ற இறந்தகால வினையாகிவிடும்.

இங்கே ஒன்று சொல்லாமல் போக மனசு வரவில்லை. "ப்ரே" என்று நெடிலைக் குறிலிலிருந்து பிரித்து எழுத நாம் போடுகிற இரட்டைக் கொம்பு இருக்கிறதே, அந்த வழக்கத்தைத் தமிழ் எழுத்துக்குக் கொண்டுவந்தவராகச் சொல்லப்படும் வீரமாமுனிவர், அதாவது கொன்ஸ்தான்ஸோ பெஸ்கி, இத்தாலிக்காரர்தான். மாந்தோவா நகருக்குப் பக்கத்தில் உள்ள காஸ்தில்யோனே தெல்லே ஸ்திவியேரே என்ற ஊரில் 1680-ல் பிறந்தவர்.

யாராவது க்ராட்ஸியே சொன்னா நான் கட்டாயம் ப்ரேகோ சொல்லியே ஆகணுமா? சிரிச்சா போதாதா?

நம் வீட்டில் யாரும் நன்றிக்குப் பதில் சொல்வதில்லை, தலையை ஆட்டுவோம், மிஞ்சிப்போனால் "இருக்கட்டும்" என்போம். இங்கே பதில் வராவிட்டால் எதிரில் இருப்பவருக்குப் பேச்சு பாதியில் நின்றுபோன மாதிரி இருக்கும், சிலர் நீங்கள் கோபமாக இருக்கிறீர்கள் என்றே நினைத்துக்கொள்வார்கள். அதனால் ஒரு ப்ரேகோவைச் சொல்லிவிடுங்கள்.

இதற்கு மட்டும் வேறு சொற்களும் உண்டு. "தி நியென்தே" என்றால் ஒன்றுமில்லை, பரவாயில்லை. "ஃபிகூரத்தி" என்பது அட இதுக்கெல்லாமா என்கிற தொனி, நண்பர்களுக்குள் சொல்வது. மரியாதையாகப் பேசுபவரிடம் அதையே "ஸி ஃபிகூரி" என்று மாற்ற வேண்டும். "சி மங்கெரெப்பெ" என்று ஒன்று அடிக்கடி கேட்பீர்கள், இதைக்கூடச் செய்யாமல் இருப்பேனா என்கிற அர்த்தம். எனக்கு இவை எல்லாவற்றிலும் பிடித்தது அதுதான், சொல்பவர் முகத்தில் உண்மையிலேயே ஒரு அன்பு தெரியும். உதவி இரண்டு பக்கமும் இருந்தால் "க்ராட்ஸியே ஆ தே", அதாவது உனக்குத்தான் நன்றி.

காப்பி வாங்கப் போனேன், கடைக்காரர் என் முகத்தைப் பார்த்து ப்ரேகோன்னார். நான் என்ன பதில் சொல்றது?

உங்களுக்கு வேண்டியதைச் சொல்ல வேண்டியதுதான். அந்த இடத்தில் ப்ரேகோ என்றால் "சொல்லுங்க". சிலர் "ப்ரேகோ, மி தீகா" என்று முழுசாகச் சொல்வார்கள், என்னிடம் சொல்லுங்கள் என்று அர்த்தம். நீங்கள் "புவோன்ஜோர்னோ, உன் கஃபே, பெர் ஃபவோரே" (வணக்கம், ஒரு காப்பி, தயவுசெய்து) என்றால் போதும். கஃபே என்றாலே இங்கே சின்னக் கோப்பையில் வருகிற எஸ்பிரெஸோதான், பால் கலந்தது வேண்டுமென்றால் கப்புச்சீனோ என்றோ, ஒரு சொட்டுப் பால் போதுமென்றால் மக்கியாத்தோ என்றோ சொல்லுங்கள். அப்புறம், காப்பிக் கடைக்கு இங்கே பெயர் "பார்". ஊரிலிருந்து வருகிற அம்மாக்கள் அந்தப் பலகையைப் பார்த்துத் தயங்கி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். காலை ஏழு மணிக்குப் பாட்டிகளும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் வந்து போகிற இடம் அது, தைரியமாக உள்ளே போகலாம்.

ரயில் நிலையங்களிலும் நெடுஞ்சாலைக் கடைகளிலும் பெரும்பாலும் முதலில் கல்லாவில் பணம் கட்டி, ரசீதை எடுத்துக்கொண்டு வந்து காப்பி போடுகிறவரிடம் காட்ட வேண்டும். அப்போது ஒரே காப்பிக்கு மூன்று ப்ரேகோ வரும்: கல்லாவில் ஒன்று (என்ன வேணும்), காப்பி போடுகிறவர் ஒன்று (ரசீதைக் காட்டுங்க), கோப்பையைத் தட்டோடு உங்கள் முன்னால் வைக்கும்போது ஒன்று (எடுத்துக்கோங்க). மூன்றாவதற்குத்தான் நீங்கள் க்ராட்ஸியே சொல்ல வேண்டும், ஏனென்றால் அப்போதுதான் கைக்கு ஏதோ வந்திருக்கிறது. நீங்கள் க்ராட்ஸியே சொன்னதும் நாலாவதாக இன்னொரு ப்ரேகோ வந்தாலும் வரும், அது புத்தகத்தில் இருக்கிற ப்ரேகோ.

ரொட்டிக்கடை, பாலாடைக்கட்டி கடைகள்ல வரிசையே இல்லை, ஆனா யாரோ ஒருத்தரைப் பார்த்து ப்ரேகோங்கறாங்க. என் முறைன்னு எப்படித் தெரியும்?

வரிசை கண்ணுக்குத் தெரியாது, ஆனால் இருக்கிறது. பெரிய கடைகளில் நுழைந்ததும் ஒரு சின்ன எந்திரத்திலிருந்து எண் அச்சடித்த சீட்டைக் கிழித்துக்கொள்ள வேண்டும். பலகையில் உங்கள் எண் வந்ததும் கடைக்காரர் ப்ரேகோ என்பார். சின்னக் கடைகளில் எந்திரம் இருக்காது. நுழையும்போதே யார் யார் முன்னால் நிற்கிறார்கள் என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், அல்லது "யார் கடைசி" என்று கேட்டுவிடுங்கள். கடைக்காரர் "ஆ கி தோக்கா?" என்றால் யார் முறை என்று கேட்கிறார். உங்களுக்கு முன்னால் வந்த பாட்டி இருந்தால் அவரைக் கைகாட்டி நீங்களே ஒரு ப்ரேகோ சொல்லிப் பாருங்கள், கடையே உங்களை அன்பாகப் பார்க்கும்.

முறை வந்ததும் எடையைச் சொல்ல வேண்டும். இங்கே எத்தோ என்பதுதான் கணக்கு, ஒரு எத்தோ என்றால் 100 கிராம். வெட்டி, நிறுத்து, பொட்டலம் கட்டியதும் "ஆல்த்ரோ?" என்பார், வேறு ஏதாவது வேணுமா என்று. போதுமென்றால் "பாஸ்தா கொஸீ, க்ராட்ஸியே".

வீட்டுக்குக் கூப்பிட்டாங்க. வாசல்ல என்ன சொல்லணும்? அவங்க ப்ரேகோ சொன்னா நான் என்ன செய்யணும்?

வாசலில் முதலில் பேச வேண்டியவர் நீங்கள்தான். கதவு திறந்தே இருந்தாலும், எவ்வளவு நெருங்கிய நண்பராக இருந்தாலும், படியைத் தாண்டும் முன் "பெர்மெஸ்ஸோ?" என்று கேட்பது இங்கே வழக்கம், உள்ளே வரலாமா என்று. அதற்கு வீட்டுக்காரர் "ப்ரேகோ, ப்ரேகோ" என்றோ "அவான்தி" என்றோ சொன்ன பிறகு கால் வைக்கலாம். வெறும் சம்பிரதாயம்தான், யாரும் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. ஆனாலும் அந்த ஒரு சொல்லைச் சொல்லாமல் உள்ளே நுழைகிறவரை வளர்ப்புச் சரியில்லாதவராகப் பார்க்கிற பெரியவர்கள் உண்டு.

தங்குவதற்கு வாங்குகிற "பெர்மெஸ்ஸோ தி சொஜ்ஜோர்னோ" என்ற அனுமதி அட்டையில் இருப்பதும் இதே பெர்மெஸ்ஸோதான். விசாவோடு படிக்க வருகிறவர்கள் வந்த 8 வேலை நாளுக்குள் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பதால், இந்தச் சொல்லை மட்டும் எல்லாரும் சீக்கிரம் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள்.

உள்ளே போன பிறகு "ப்ரேகோ, ஸி அக்கோமொதி" என்றால் உட்காருங்கள், சௌகரியமாக இருங்கள். உட்கார்ந்துகொண்டு ஒரு க்ராட்ஸியே. கூட்டமான பேருந்தில் இறங்க வழி வேண்டுமென்றாலும் பெர்மெஸ்ஸோ என்றுதான் கேட்க வேண்டும், விலகி வழி விடுகிறவர் ப்ரேகோ என்பார்.

கதவு பக்கத்துல ரெண்டு பேரும் ப்ரேகோ ப்ரேகோன்னு நின்னுட்டே இருக்காங்களே, யார்தான் முதல்ல போறது?

இது நமக்குப் புரியாத விஷயமே இல்லை, ஹோட்டல் பில்லுக்கு நாம் போடுகிற சண்டைதான். ஒருவர் "ப்ரேகோ" என்று கையை நீட்டுவார், மற்றவர் "நோ, ப்ரேகோ, தோப்போ தி லேய்" என்பார், உங்களுக்கு அப்புறம்தான் நான் என்று. ஒரு தடவை மறுக்கலாம், இரண்டாவது முறையும் அவர் சொன்னால் க்ராட்ஸியே சொல்லிவிட்டுப் போய்விடுங்கள். வயதானவர், குழந்தையோடு இருப்பவர், கையில் சுமையோடு வருபவர் என்றால் விட்டுக்கொடுக்க வேண்டியது நீங்கள், அங்கே பேரம் கிடையாது.

தயவுசெய்துன்னு கேக்கறதுக்கும் ப்ரேகோதானே? "ஒரு காப்பி, ப்ரேகோ"ன்னு நான் சொல்லிட்டிருக்கேன்.

இதுதான் அதிகம் பேர் தடுக்கி விழுகிற இடம். கேட்கும்போது "பெர் ஃபவோரே" அல்லது "பெர் பியச்சேரே" அல்லது இன்னும் பணிவாக "பெர் கொர்த்தெஸீயா". முதல் பதிலில் சொன்னதை இங்கே வைத்துப் பாருங்கள்: காப்பியை வாங்கப்போகிறவர் நீங்கள், கொடுக்கப்போகிறவர் அவர். "உன் கஃபே, ப்ரேகோ" என்றால் யாருக்கும் புரியாமல் போகாது, காப்பியும் வரும். ஆனால் அவர் காதுக்கு அது விறைப்பாகவோ வெளியூர்க்காரர் பேசியதாகவோ விழும்.

யாராவது ஒன்றை நீட்டி வேண்டுமா என்று கேட்டால் அதற்கும் ப்ரேகோ பதில் இல்லை. வேண்டுமென்றால் "ஸி, க்ராட்ஸியே", வேண்டாமென்றால் "நோ, க்ராட்ஸியே".

அப்போ ரயில்ல டிக்கெட் பார்க்கறவர் "பில்யெத்தி, ப்ரேகோ"ன்னு கேக்கறாரே? வாங்கறவர் அவர்தானே?

நல்ல கேள்வி, நான் சொன்ன சூத்திரத்துக்கு இது விலக்குதான். டிக்கெட் பரிசோதகர், சாலையில் வண்டியை நிறுத்தும் போலீஸ், விமான நிலையத்தில் பாஸ்போர்ட் பார்ப்பவர், இவர்கள் எல்லாரும் பொருளின் பெயரைச் சொல்லி ஒரு ப்ரேகோவைச் சேர்ப்பார்கள்: "தொக்குமென்தி, ப்ரேகோ" என்றால் ஆவணங்களைக் காட்டுங்கள். இது வேண்டுகோள் உடை போட்ட உத்தரவு. காட்டுவதா வேண்டாமா என்று உங்களுக்குத் தேர்வே இல்லாத இடத்தில்தான் இது வரும். அதனால்தான் காப்பிக்கு இதைச் சொன்னால் கடைக்காரரை அதட்டுகிற மாதிரி ஆகிறது.

வட்டார ரயில்களுக்குக் காகித டிக்கெட் வாங்கினால், ஏறும் முன்னால் நடைமேடையில் இருக்கிற சின்ன எந்திரத்தில் செருகி நேரம் குத்திக்கொள்ளுங்கள். குத்தாத டிக்கெட்டை நீட்டினால் அந்த ப்ரேகோவுக்குப் பின்னால் அபராதச் சீட்டு வரும்.

"ஸ்கூஸி"ன்னு யாராவது மன்னிப்புக் கேட்டா ப்ரேகோ சொல்லலாமா?

ஸ்கூஸி எதற்காக வந்தது என்பதைப் பொறுத்தது. வழி கேட்கவோ, ஏதாவது விசாரிக்கவோ உங்களைக் கூப்பிட ஸ்கூஸி சொன்னால், ப்ரேகோ சரி. சொல்லுங்க என்று அர்த்தம். ஆனால் உங்கள் காலை மிதித்துவிட்டு ஸ்கூஸி சொன்னால் ப்ரேகோ பொருந்தாது, மிதிக்க அனுமதி கொடுத்த மாதிரி ஆகிவிடும். அங்கே "நியென்தே", "நோன் ஃபா நியென்தே", அல்லது முன்னால் சொன்ன "ஸி ஃபிகூரி".

இதே மாதிரி, சாப்பிட உட்காரும்போது "புவோன் அப்பெத்தீத்தோ" என்று வாழ்த்தினால் ப்ரேகோ வராது, "க்ராட்ஸியே, ஆல்த்ரெத்தான்தோ" (உங்களுக்கும் அப்படியே) என்று சொல்ல வேண்டும். "ஏ லீபெரோ?" என்று பக்கத்து இருக்கையைக் காட்டிக் கேட்டால், காலியாக இருந்தால் "ஸி, ப்ரேகோ".

நான் ஏதோ சொன்னேன், அவர் புருவத்தைத் தூக்கி "ப்ரேகோ?"ன்னார். திட்டினாரா?

பெரும்பாலும் இல்லை. குரலைக் கடைசியில் ஏற்றி, கேள்வியாகச் சொன்னால் "என்ன சொன்னீங்க, காதில் விழலை" என்று அர்த்தம். கொஞ்சம் மரியாதையான தொனி அது. நீங்களும் புரியாதபோது இதைச் சொல்லலாம், "கோமே, ஸ்கூஸி?" என்பதும் சரி. வெறும் "எ?" மட்டும் வேண்டாம், பெரியவர்களிடம் அது முரட்டுத்தனம்.

ஆனால் ஒவ்வொரு எழுத்தாக, மெதுவாக, முகம் மாறி வருகிற ப்ரேகோ ஒன்று உண்டு. நன்றாகக் காதில் விழுந்திருக்கிறது, இன்னொரு தடவை சொல்லிப் பாரு என்கிற ரகம். அதற்கு அகராதி தேவையில்லை, கேட்கும்போதே தெரிந்துவிடும்.

பெரியவங்க, முதலாளி, பேராசிரியர்கிட்ட சொல்றதுக்கு இதுக்கு மரியாதை வடிவம் ஏதாவது இருக்கா?

இல்லை, அதுதான் இந்தச் சொல்லின் பெரிய வசதி. இத்தாலிய மொழியில் "தூ" என்பது நம் நீ, "லேய்" என்பது நீங்கள். அறிமுகமில்லாதவரிடமும் வயதில் பெரியவரிடமும் லேய்தான். வினைச்சொல் எல்லாம் அதற்குத் தகுந்த மாதிரி மாறும். ஃபிகூரத்தி, ஸி ஃபிகூரி என்று இரண்டு பார்த்தோமே, அப்படி. ப்ரேகோ மாறவே மாறாது. குழந்தைக்கும் அதே, ஜனாதிபதிக்கும் அதே. யாரை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் விழிக்கிற முதல் மாதங்களில் இதைவிடப் பாதுகாப்பான சொல் வேறு இல்லை.

பேராசிரியர் என்றதும் ஞாபகம் வருகிறது, இங்கே பல பல்கலைக்கழகப் பாடங்களில் வாய்மொழித் தேர்வு உண்டு. மதிப்பெண் 30-க்கு, தேற 18 வேண்டும். பெயர் கூப்பிட்டதும் அவர் நாற்காலியைக் காட்டி ப்ரேகோ என்றால் உட்காருங்கள்; கேள்வியைக் கேட்டுவிட்டு ப்ரேகோ என்றால் ஆரம்பியுங்கள். இத்தாலிய நாடாளுமன்றத்தில் அவைத்தலைவர் உறுப்பினரைப் பேசச் சொல்வதும் இதே சொல்லால்தான்.

போன்ல எடுத்ததும் ப்ரேகோங்கறாங்களா, ப்ரோன்தோங்கறாங்களா?

ப்ரோன்தோ. தயார் என்று அர்த்தம், நம் ஹலோவின் இடத்தில் வரும். ப்ரேகோவை எடுத்ததும் சொல்ல மாட்டார்கள், நீங்கள் பெயரைச் சொன்ன பிறகு "ப்ரேகோ, மி தீகா" என்று தொடர்வார்கள். அலுவலகங்களுக்குப் போன் செய்தால் பதிவு செய்த குரல் "லா ப்ரெகியாமோ தி அத்தேந்தெரே" என்று சொல்லும், காத்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறோம் என்று. பாட்டு ஓடும், வைத்துவிடாதீர்கள்.

பலகைகள்ல "ஸி ப்ரேகா தி..."ன்னு போட்டிருக்கே, அதுவும் இதுவும் ஒண்ணா?

ஒரே வினைதான். "ப்ரெகாரே" என்றால் வேண்டுதல், ப்ரேகோ என்றால் நேர்ப்பொருளில் "வேண்டுகிறேன்". "ஸி ப்ரேகா தி" என்று ஆரம்பித்தால் "கேட்டுக்கொள்ளப்படுகிறது" என்று நம் அரசு அலுவலகப் பலகைகளில் வருகிற நடை: புகைக்காமல் இருக்க, கதவைச் சாத்த, வரிசையில் நிற்க.

எல்லாவற்றிலும் நம்மவர்கள் கவனிக்க வேண்டியது "ஸி ப்ரேகா தி நோன் தொக்காரே", தொட வேண்டாம். இது அருங்காட்சியகத்தில் மட்டுமில்லை, காய்கறிக் கடையிலும் இருக்கும். தக்காளியை அமுக்கிப் பார்த்து, வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்த்து வாங்குகிற பழக்கம் இங்கே செல்லாது. சந்தையில் கடைக்காரர்தான் எடுத்துக் கொடுப்பார், பல்பொருள் அங்காடியில் அங்கேயே தொங்குகிற பிளாஸ்டிக் கையுறையை மாட்டிக்கொண்டு எடுக்க வேண்டும்.

"தி ப்ரேகோ"ன்னா கெஞ்சறதுன்னு ஒருத்தர் சொன்னார். "லா ப்ரேகோ"வும் அப்படியா?

முன்னால் ஒரு சின்ன "தி" சேர்ந்தால் உன்னை வேண்டுகிறேன், கெஞ்சிக் கேட்கிறேன் என்று ஆகிவிடும். கோடையில் ஐஸ்கிரீம் கடை வாசலில் பிள்ளைகள் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு "தி ப்ரேகோ, தி ப்ரேகோ" என்பதைக் கேட்கலாம், விட்டுப் போகாதே என்று காதலர்கள் சொல்வதும் இதுதான். உப்பை நகர்த்தித் தரச் சொல்ல இதைப் பயன்படுத்தினால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். அதே சொல்லை அலுப்போடு "மா தி ப்ரேகோ!" என்றால், சும்மா இரு, என்ன பேச்சு இது என்று அர்த்தம்.

லா ப்ரேகோ என்பது மரியாதை வடிவம். கெஞ்சலாகவும் வரலாம், வெறும் பணிவாகவும் வரலாம், கடிதங்களில் "லா ப்ரேகோ தி..." என்றால் தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். பேராசிரியருக்கோ அலுவலகத்துக்கோ மின்னஞ்சல் எழுதும்போது இதற்குப் பதில் "பொத்ரெப்பெ" (உங்களால் முடியுமா) என்று ஆரம்பிக்கச் சொல்வேன். லா ப்ரேகோவில் லேசாக ஒரு அழுத்தம் இருக்கிறது, முதல் கடிதத்திலேயே அது வேண்டாம்.

சர்ச்சுல "ப்ரேகா பெர் நோய்"னு கேட்டேன். அதுக்கும் கடையில சொல்றதுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. கடவுளிடமும் புனிதர்களிடமும் வேண்டுவதற்கும் ப்ரெகாரேதான், ஜெபத்துக்குப் பெயர் ப்ரெகியேரா. "ப்ரேகா பெர் நோய்" என்பது மரியன்னை ஜெபத்தில் வருவது, தமிழில் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று சொல்கிறோமே அதே வரி. லத்தீனில் வேண்டுதலைக் குறிக்கும் "ப்ரெகாரி" என்ற வினையிலிருந்து வந்தது. கடைக்காரர் யாருக்கும் வேண்டுதல் நினைவே வராது என்பது வேறு விஷயம், நாம் வணக்கம் சொல்லும்போது வணங்குவதை நினைக்கிறோமா என்ன?

பலெர்மோவில் இருக்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அந்த நகரின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவின் குகைக் கோயில் மோன்தே பெல்லெக்ரீனோ மலைமேல் இருக்கிறது. அங்கே குடியேறிய ஈழத்தமிழர்கள், கிறிஸ்தவர்கள் மட்டுமில்லாமல் இந்துக்களும்கூட, நேர்த்தி வைத்து அந்த மலை ஏறுகிறார்கள். மேலே வேண்டுதலுக்கு ப்ரெகாரே, இறங்கி வந்து தண்ணீர் பாட்டில் வாங்கினால் ப்ரேகோ.

வேலை இடத்துல "ப்ரெகாரியோ"ன்னு சொல்றாங்களே, அதுவும் இந்தக் குடும்பமா?

ஆமாம், இதை அதிகம் பேர் கேட்பதில்லை, கேட்க வேண்டும். ப்ரெகாரியோ என்றால் நிரந்தரமில்லாதது. சில மாத ஒப்பந்தத்தில் வேலை பார்க்கிற ஆசிரியர், தொழிலாளி எல்லாரையும் இங்கே ப்ரெகாரி என்பார்கள். லத்தீனில் அந்தச் சொல்லுக்கு வேண்டிப் பெற்றது என்று பொருள். கொடுத்தவர் நினைத்தால் எப்போது வேண்டுமானாலும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், உரிமை என்று கேட்க முடியாது. ஒப்பந்தத் தாளில் கையெழுத்துப் போடும் முன் "தெம்போ தெத்தெர்மினாத்தோ" (குறிப்பிட்ட காலம் வரை) என்று இருக்கிறதா, "தெம்போ இந்தெத்தெர்மினாத்தோ" (காலவரையில்லாமல்) என்று இருக்கிறதா என்று பாருங்கள். அந்த "இன்" என்கிற முன்னொட்டு வாழ்க்கையையே மாற்றும்.

நான் அவசரமா கதவைத் தாண்டிப் போனேன், பின்னாடியிருந்து ஒருத்தர் சத்தமா "ப்ரேகோ, எ!"ன்னார். நான் எதுவும் கேக்கவே இல்லையே?

அவர் உங்களுக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார், நீங்கள் க்ராட்ஸியே சொல்லாமல் போயிருப்பீர்கள். வராத நன்றிக்குப் பதில் சொல்லிக் குத்திக்காட்டுகிறார். பிள்ளைகள் நன்றி சொல்ல மறந்தால் தாத்தா பாட்டிகளும் இப்படித்தான் சொல்லி நினைவுபடுத்துவார்கள். சண்டைக்கு வரவில்லை, திரும்பிப் பார்த்து "ஸ்கூஸி, க்ராட்ஸியே" என்றால் உடனே முகம் மலர்ந்துவிடும்.

பொல்ஸானோ போயிருந்தேன், அங்க ப்ரேகோவுக்குப் பதிலா எல்லாரும் "பிட்டே"ங்கறாங்க. அது இத்தாலி இல்லையா?

இத்தாலிதான். ஆல்தோ ஆதிஜே என்கிற அந்த மலைப் பகுதியில் பெரும்பாலோருக்கு ஜெர்மன் தாய்மொழி, பலகைகள்கூட இரண்டு மொழியிலும் இருக்கும். ப்ரேகோ வருகிற இடங்களில் எல்லாம் ஜெர்மனில் பிட்டே வரும், ஆனால் ஒரு வித்தியாசம்: தயவுசெய்து என்று கேட்பதற்கும் அவர்களுக்கு அதே பிட்டேதான். ஜெர்மனியில் இருந்துவிட்டு இங்கே வருகிற நம் பிள்ளைகள் "உன் கஃபே, ப்ரேகோ" என்று சொல்வதற்குக் காரணம் அநேகமாக இதுதான்.

லிஸ்பன்ல சாப்பாட்டுப் பட்டியல்ல ப்ரேகோன்னு பார்த்தேன், அமெரிக்காவுல சாஸ் பாட்டில்ல பார்த்தேன். ரெண்டும் இதேதானா?

சாஸ் பாட்டில் இதேதான். அது கேம்பெல் நிறுவனம் விற்கிற பாஸ்தா சாஸ், இத்தாலிய வாசனைக்காகப் பெயரை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இத்தாலியில் கடைக்குப் போய் ப்ரேகோ வேண்டும் என்று கேட்டால் சாஸ் கிடைக்காது, "ப்ரேகோ?" என்ற பதில்தான் வரும்.

லிஸ்பனில் பார்த்தது வேறு. போர்ச்சுகீசிய மொழியில் அந்த எழுத்துகளுக்கு ஆணி என்று பொருள், அதே பெயரில் ரொட்டிக்கு நடுவே மாட்டிறைச்சித் துண்டு வைத்த உணவு ஒன்று அங்கே பிரபலம். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் இத்தாலியப் பழக்கத்தில் அங்கே ப்ரேகோ என்று சொல்லிவிட வேண்டாம். போர்ச்சுகலில் நன்றிக்குப் பதில் "தி நாதா".